இழுப்புன்னு போடுங்க, சிஸ்டர்

மணியத்துக்குக் கால் வலிக்காது. அதனால் காலை ஏழு மணிக்கே பிள்ளைகளைக் கூப்பிட ஆரம்பித்துவிடும். பிரின்ஸிக்குக் கால் வலிக்கும், இடுப்பு வலிக்கும், நாற்பத்தெட்டு வயதில் இப்போது கழுத்தும் சேர்ந்துகொண்டிருந்தது. ஒன்பது மணிக்குள் எழுபத்திரண்டு பிள்ளைகளைத் தட்டில் கிடத்தி எடுத்தாயிற்று. எழுபத்திரண்டும் காய்ச்சல்.

உப்பளத்துறையில் அந்த இடத்துக்குக் காய்ச்சல் கொட்டகை என்று பெயர். அரசாங்கம் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளைக்கு ஒரு டிகிரி ஏறிவிடும். உள்ளே டாக்டர் கிடையாது. ஒன்பது கொட்டகைகளுக்கும் சேர்த்து ஒரே டாக்டர், அவரும் திரையில்தான் வருவார். மற்றதெல்லாம் மணியம் என்கிற இயந்திரம். காகிதத்தில் அதன் பெயர் கணிப்பான். வந்த முதல் நாளே அங்கே நில், இங்கே உட்கார் என்று எல்லோரையும் அதட்டியதால் உப்பளத்துப் பெண்கள் அதற்கு மணியம் என்று பெயர் வைத்தார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

பிள்ளையைத் தட்டில் கிடத்தினால் மணியம் சூடு பார்க்கும், மூச்சை எண்ணும், நாடி பார்க்கும், மேலே இருக்கும் கேமராவால் உச்சி முதல் பாதம் வரை பார்க்கும். பிறகு ஒரு நிறம் சொல்லும். பச்சை என்றால் மருந்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். மஞ்சள் என்றால் மூக்கில் மருந்துப் புகை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார வேண்டும். சிவப்பு என்றால் ஆம்புலன்ஸ் வரும், அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம். சிவப்பு இல்லாமல் போனால் அங்கே வாசற்கதவுகூடத் திறக்காது.

போன வாரம் வரை மணியத்துக்குக் காது கிடையாது. பிள்ளை சொணங்கிக் கிடக்கு, கண்ணு சொருகுது, வயிறு பொருமிப் போச்சு என்று தாய்மார் சொல்வதையெல்லாம் கேட்டு ஒரு வரியாகத் தட்டிக் கொடுப்பது பிரின்ஸியின் வேலை. பதினோரு வருஷமாக அதைத்தான் செய்தாள். திங்கட்கிழமை ஒரு இளைஞன் வந்து அவளுடைய நாற்காலியைத் தூக்கி ஓரமாகப் போட்டான். "இனிமே இதுவே கேட்டுக்கிடும் சிஸ்டர். நீங்க தட்டினத எல்லாம் படிச்சுத்தான் இந்த ஊர்ப் பேச்சக் கத்துக்கிட்டிருக்கு" என்று சந்தோஷமாகச் சொன்னான். பிரின்ஸியால் அந்தச் சந்தோஷத்தில் சேர முடியவில்லை.

ஏனென்றால் அவள் தட்டியதெல்லாம் உண்மை இல்லை. பொய்யும் இல்லை, அதுதான் கூத்து.

மணியம் வந்த அதே வருஷம் முத்திரைச் சட்டமும் வந்தது. ஐந்து வயதுக்குள் ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு தடவை வலிப்பு வந்ததாகப் பதிவானாலும் பிறந்தது முதல் கூடவே வருகிற அதன் ஆயுள் சீட்டில் நரம்பு முத்திரை விழும். விழுந்தால் விழுந்ததுதான். வண்டி ஓட்ட உரிமம் இல்லை, துறைமுகத்தில் வேலை இல்லை, நல்ல பள்ளிக்கூடம் எதிலும் இடம் இல்லை. பெண்பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம், பெண் பார்க்க வருகிறவர்கள் காபி வருவதற்கு முன்பே சீட்டைக் கேட்கிறார்கள். காய்ச்சல் ஏறும்போது சின்னப் பிள்ளைகளில் நூற்றுக்கு மூன்று நான்குக்கு வலிப்பு வந்து கை கால் வெட்டத்தான் செய்யும், ஐந்து வயதைத் தாண்டினால் பெரும்பாலும் தானாக நின்றுபோகும், அதனால் மூளை கெட்டுப்போகாது என்பதெல்லாம் நர்சிங் படிக்கிற எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிற பாடம். சட்டம் எழுதினவர்கள் அந்தப் பாடத்தன்றைக்கு லீவு போட்டிருந்தார்கள் போலிருக்கிறது.

அந்த முதல் வருஷத்தில்தான் ரெஜினா தன் மகன் டெரிக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். பையனுக்கு ஒன்றேகால் வயது. "காய்ச்சல்ல இழுக்குது சிஸ்டர், இழுக்குது" என்று அலறினாள். பிரின்ஸி அவள் வாயில் வந்தபடியே இழுப்பு என்று தட்டினாள். கை கால் இழுத்தாலும் இழுப்புதான், நெஞ்சு இழுத்தாலும் இழுப்புதான். மணியத்துக்கு இரண்டாவது மட்டும்தான் தெரிந்திருந்தது. மூச்சிழுப்பு என்று எடுத்துக்கொண்டு மஞ்சள் காட்டிவிட்டது. முத்திரை விழவில்லை. அரை மணி நேரத்தில் டெரிக் எழுந்து உட்கார்ந்து பன் தின்றான். பிரின்ஸி அந்தத் திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்கப்புறம் தெரிந்தேதான் செய்தாள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செய்யவில்லை. எத்தனை நிமிஷம் வெட்டியது, உடம்பு முழுக்கவா ஒரு பக்கம் மட்டுமா, அன்றைக்கு ஒரே தடவைதானா, தெளிந்தபின் தாயைப் பார்த்துக் கை நீட்டுகிறதா, கழுத்து வளைகிறதா, உச்சிக்குழி எப்படி இருக்கிறது என்று அத்தனையும் பார்ப்பாள். பயப்பட ஒன்றுமில்லை என்று தனக்குத் தீர்ந்தால்தான் இழுப்பு. ஒன்று இடித்தாலும் வலிப்பு என்றே தட்டிச் சிவப்பை வாங்கிவிடுவாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளை அப்படி மறைத்திருந்தாள். மனசுக்குள் எண்ணி வைத்திருந்தாள். ஒன்றுகூடத் தவறிப் போகவில்லை. ஊர்ப் பெண்களுக்கும் விஷயம் பிடிபட்டுவிட்டது. "இழுப்புன்னு போடுங்க, சிஸ்டர்" என்று காதோரம் வந்து சொல்வார்கள்.

காது முளைத்த மணியம் படித்ததில் தப்பு இருக்கிறது என்று மேலிடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் முந்நூற்றுப் பன்னிரண்டும் வெளியே வரும். தட்டுப் பக்கத்தில் நாம்தானே நிற்கிறோம், சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று நான்கு நாளை ஓட்டியிருந்தாள். இது ஐந்தாவது நாள்.

எழுபத்து மூன்றாவது பிள்ளை நிவின், பத்து மாதம். தாய் மிதுனாவுக்கு இருபத்து மூன்று வயது இருக்கும், உப்பளத்திலிருந்து அப்படியே வந்திருந்தாள், சேலை விளிம்பில் உப்பு காய்ந்து வெள்ளையாக நின்றது. துணைக்கு வந்தவள் பக்கத்து வீட்டு ரெஜினா. அதே ரெஜினாதான். டெரிக்குக்கு இப்போது பன்னிரண்டு வயது. ஆளில்லாப் படகுகளைக் கரையிலிருந்தே ஓட்டக் கற்றுத் தருகிற பள்ளியில் இடம் கிடைத்து, ஜூன் மாதம் சேரப் போகிறான். ரெஜினா அதை இந்தக் கொட்டகையிலேயே நான்கு தடவை சொல்லியாயிற்று.

"பிள்ளைக்கு என்ன செய்யுது, தாயி?" என்று மணியம் கேட்டது. பிரின்ஸி கேட்கிற மாதிரியே கேட்டது. அவளுக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் எரிச்சலாக வந்தது.

மிதுனா ரெஜினாவைப் பார்த்தாள். ரெஜினா கண்ணைக் காட்டினாள்.

"மூணு நாளா காய்ச்சல். கடையில மருந்து வாங்கிக் குடுத்தோம். இன்னைக்குக் காலையில இருந்து... இழுப்பு."

"மூச்சிழுப்பு. மஞ்சள். புகை வச்சா சரியாயிரும், பயப்படாத."

பிரின்ஸி பிள்ளையைத் தட்டிலிருந்து எடுத்தாள். கொதித்தது. தூக்கிய தூக்கில் அழவில்லை, லேசாக முனகியது. நெஞ்சில் காதை வைத்தாள். மூச்சு வேகமாக இருந்தது, ஆனால் சத்தமில்லை. வலது கையை விரித்துப் பார்த்தாள். உள்ளங்கையில் ஒரு சாவியின் அச்சு, பல்லுப் பல்லாக, சிவந்து பதிந்திருந்தது. மூச்சிழுப்புக்கு யாரும் பிள்ளை கையில் இரும்பு கொடுப்பதில்லை.

"மிதுனா, உள்ளதச் சொல்லு. எத்தன தடவ வெட்டுச்சு?"

மிதுனா இந்தத் தடவை ரெஜினாவைப் பார்க்கவில்லை. "ரெண்டு தடவ சிஸ்டர். வலது கை மட்டும். ரெண்டாவது தடவ ரொம்ப நேரம் விடவே இல்ல. அதுக்குப் பெறவு கண்ணே முழிக்க மாட்டேங்கான். பாலும் குடிக்கல."

"இதத்தான முதல்ல சொல்லணும்? ஏன் மாத்திச் சொன்ன?"

"அக்காதான் முத்திரை விழுந்துரும்னு..."

"நம்ம எப்பவும் செய்யறதுதான சிஸ்டர்?" என்றாள் ரெஜினா. அவள் குரலில் ஒரு வஞ்சகமும் இல்லை. "டெரிக்குக்கு நீங்க செய்யலையா? இன்னைக்குப் பாருங்க, குத்துக்கல்லாட்டம் இருக்கான்."

பிரின்ஸி பிள்ளையை நிமிர்த்தி வைத்து உச்சியில் விரலை வைத்தாள். அழாத பிள்ளைக்கு உச்சிக்குழி சற்றுப் பள்ளமாக இருக்க வேண்டும். இது புடைத்து இறுகிக் கிடந்தது. அவள் விரலை எடுப்பதற்குள் நிவினின் வலது கை துடிக்க ஆரம்பித்தது. பிறகு வலது பக்கத்து வாயோரம்.

"வலிப்பு, வலிப்பு" என்று மிதுனா கத்தினாள். பிரின்ஸி பிள்ளையைத் தட்டிலேயே ஒருக்களித்துப் படுக்கவைத்து, வலிப்பு மருந்தை எடுத்து மூக்கில் பீய்ச்சினாள். நேர் மேலே இருந்த கேமரா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

"மஞ்சள்" என்றது மணியம். "புகை வைக்கல. புகை வையுங்க."

டாக்டரைக் கூப்பிடுகிற பொத்தானைப் பிரின்ஸி கையால் அறைந்தாள். திரையில் டாக்டர் சஃபீனா வந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம், கையில் பாதி கடித்த ஒரு வாழைப்பழம்.

"டாக்டர், வலது பக்கம் மட்டும் வெட்டுது. காலையில இருந்து மூணாவது தடவ. உச்சிக்குழி புடைச்சிருக்கு. எனக்கு மூளைக்காய்ச்சல்னுதான் தோணுது. சிவப்பு வேணும்."

டாக்டர் பழத்தைக் கீழே வைத்தார். "எனக்கும் அப்படித்தான் தெரியுது. ஆனா மணியம் மஞ்சள்ல உறுதியா நிக்குதே. தொண்ணூத்தேழு சதவீதம்னு காட்டுது."

"கண்ணு இருக்குல்லா அதுக்கு? பிள்ள வெட்டுறது தெரியலையா?"

"தெரியுது பிரின்ஸி. ஆனா உங்க கொட்டகையில கை வெட்டுற பிள்ளைங்க படமெல்லாம் மூச்சிழுப்புன்னு பேர் போட்டு உள்ள கிடக்கு. நூத்துக்கணக்குல. அதப் படிச்சு, கை வெட்டினா மூச்சிழுப்புன்னு முடிவு பண்ணி வச்சிருக்கு, வலிப்புன்னு வாயால சொன்னாலும் மாத்தாது. எப்படி இப்படி ஆச்சுன்னு எனக்கே புரியல."

"நீங்க மாத்துங்க டாக்டர்."

"மாத்தினா காரணம் கேக்கும். எனக்குத் தோணுதுன்னு போட்டா ஏத்துக்காது, நேத்து மட்டும் மூணு தடவ தள்ளிருச்சு. அது படிச்சது ஏன் தப்புன்னு நான் எழுதணும்." டாக்டர் திரைக்குக் கிட்டே வந்தார். "உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

பிரின்ஸி வாயைத் திறப்பதற்குள் ரெஜினாவுக்குப் புரிந்துவிட்டது. ஓடி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், வேண்டாம். பழசெல்லாம் எடுப்பாங்க."

"கைய விடு ரெஜினா."

"எம்பிள்ளைக்கு ஒரே ஒரு தடவதான் வந்துச்சு. பதினோரு வருஷமா ஒண்ணுமில்ல. ஜூன் மாசம் சேரணும் அவன், சட்டை கூடத் தைக்கக் குடுத்தாச்சு. அவன் என்ன பாவம் செஞ்சான்? வேற ஏதாவது சொல்லுங்களேன், உங்களுக்குத்தான் வார்த்தை வருமே."

அது பிரின்ஸிக்குச் சுருக்கென்று தைத்தது. வேறு வார்த்தை ஒன்றும் வரவில்லை. பதினோரு வருஷம் ஒவ்வொரு பிள்ளையாகப் பொத்திப் பொத்திக் காப்பாற்றியதெல்லாம் கடைசியில் இந்தப் பத்து மாதப் பிள்ளையின் கழுத்தில் வந்து விழுந்திருக்கிறதே என்று ஆத்திரமாக வந்தது. சட்டம் போட்டவர்கள் மேல் ஆத்திரம், தன் மேலேயும் ஆத்திரம். முழுசாக ஆத்திரப்படக்கூடத் தெம்பில்லை.

மிதுனா ரெஜினாவின் காலைக் கட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். "யக்கா, எம்பிள்ள செத்துருவான்க்கா" என்றாள். ரெஜினாவின் பிடி தளர்ந்தது. அவளாக விட்டாளா, கை சோர்ந்துபோயிற்றா என்று சொல்ல முடியாது.

"எழுதிக்கிடுங்க டாக்டர்" என்றாள் பிரின்ஸி. "உப்பளத்துறை இழுப்புப் பதிவுல முந்நூத்திப் பன்னெண்டு மூச்சிழுப்பே இல்ல. காய்ச்சல் வலிப்பு. முத்திரை விழக்கூடாதுன்னு நான்தான் தெரிஞ்சே போட்டேன். அதப் படிச்சுத்தான் இது கெட்டுப்போயிருக்கு."

டாக்டர் விசைப்பலகையைக் கிட்டே இழுத்துக்கொண்டார். "இது பதிவாகுது, பிரின்ஸி."

"ஆகட்டும். சீக்கிரம் எழுதுங்க."

மணியம் ஒன்பது விநாடி யோசித்தது. பிறகு கொட்டகை முழுக்கச் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆம்புலன்ஸ் வந்து மிதுனாவையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு உப்பளச் சாலையில் போயிற்று. அந்தச் சத்தம் அடங்கிய பிறகு மணியம், "படங்கள் சரிபார்க்கப்பட்டுப் பழைய சீட்டுகள் திருத்தப்படுகின்றன" என்று அரசாங்கத் தமிழில் சொன்னது. ரெஜினாவின் இடுப்பில் செருகியிருந்த போன் ஒரு தடவை அடித்தது. எடுத்துப் படித்தாள். பிரின்ஸியை ஏறிட்டுப் பார்க்காமல் வெளியே போய்விட்டாள்.

நிவின் பிழைத்துக்கொண்டான். முதுகுத் தண்டில் நீர் எடுத்துப் பார்த்தார்களாம், சீழ் கலந்திருந்ததாம். பதினான்கு நாள் ஊசி. இடது காது மட்டும் கேட்காது என்று மிதுனா வந்து சொல்லிவிட்டுப் போனாள். "முத்திரை விழுந்துட்டு சிஸ்டர். விழுந்தா விழட்டும், பிள்ள இருக்கான்லா" என்றாள்.

மற்றவர்கள் அப்படிச் சொல்லவில்லை. ஒருத்தி கொட்டகை வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். மறைத்தவளும் நீ, காட்டிக் கொடுத்தவளும் நீ என்று கேட்டாள். பிரின்ஸி துடைப்பத்தை எடுத்து அந்த மண்ணைக் கூட்டித் தள்ளினாள். டெரிக்கின் இடம் போய்விட்டது. பிரின்ஸியை வேலையை விட்டு எடுக்கவில்லை, எடுத்தால் போட ஆள் இல்லை. ஆனால் அவள் குரலை மணியத்தின் காதிலிருந்து எடுத்துவிட்டார்கள். தட்டுப் பக்கம் நின்று அவள் என்ன கத்தினாலும் அதற்குக் கேட்காது. டாக்டரைக் கூப்பிடுகிற பொத்தானும் அவள் விரலுக்கு வேலை செய்யாது.

டாக்டர் சஃபீனா மட்டும் ஒரு நாள் தானாகவே போனில் வந்தார். "முந்நூத்திப் பன்னெண்டு பிள்ளைங்க முத்திரை இல்லாம வளந்திருக்காங்க. அதுல மூணு பேருக்குத்தான் பின்னாடி வலிப்பு வந்திருக்கு. மத்த பிள்ளைங்களுக்கு வர்றதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. சட்டம் தப்புன்னு காட்ட இதவிட என்ன வேணும்? எல்லாத்தையும் எழுதி அனுப்பியிருக்கேன்."

"பதில் வந்துச்சா டாக்டர்?"

"பரிசீலனையில இருக்காம்."

இரண்டு பேரும் சிரிக்க முயன்று விட்டுவிட்டார்கள்.

நான்காவது வாரம், செவ்வாய்க்கிழமை காலையில் ரெஜினா வந்தாள். இடுப்பில் தங்கை மகன், ஒன்றரை வயது. பிரின்ஸியிடம் தராமல் தானே தட்டில் கிடத்தினாள்.

"பிள்ளைக்கு என்ன செய்யுது, தாயி?"

"காய்ச்சல்" என்றாள் ரெஜினா, கேமராவைப் பார்த்து, நிதானமாக. "காலையில கொஞ்ச நேரம் நரி வெரட்டுச்சு."

தூங்குகிற பிள்ளை சிரித்தாலோ சிணுங்கினாலோ கனவில் நரி விரட்டுகிறது என்று சொல்வது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். மணியமும் அதைப் படித்து வைத்திருந்தது.

"தூக்கத்துல சிரிக்கிறது நல்லதுதான். சாதாரணக் காய்ச்சல். பச்சை."

பிரின்ஸி மருந்துப் புட்டியை எடுக்கப் போன கையை அப்படியே நிறுத்தினாள். நேற்று மூன்று பெண்கள் இதையே சொன்னார்கள். இந்த வாரம் எல்லாப் பிள்ளையையும் நரி விரட்டுகிறதே என்று நினைத்துக்கொண்டே மூன்று பேருக்கும் புட்டியைக் கொடுத்து அனுப்பியிருந்தாள். ஒருவருடைய பிள்ளையையும் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. ஒருவரும் கொடுக்கவுமில்லை. இழுப்பு போன இடத்தில் நரி வந்திருக்கிறது என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

ரெஜினா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். மணியம் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டது. பிரின்ஸி குறுக்கே போய் நின்றாள்.

"நரி எவ்வளவு நேரம் வெரட்டுச்சு?"

ரெஜினா நாலு வாரத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு நிமிஷம்."

"ஒரு பக்கமாவா?"

"ரெண்டு பக்கமும். ஒரே தடவதான். இப்பம் பாருங்க, முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கான்."

பிரின்ஸி கை நீட்டினாள். ரெஜினா தயங்கித் தயங்கிப் பிள்ளையைக் கொடுத்தாள். கழுத்தடியில் கையைக் கொடுத்து முன்னால் சாய்த்தபோது தாடை நெஞ்சைத் தொட்டது. பிள்ளை பிரின்ஸியின் காதுக் கம்மலைப் பிடித்து இழுத்தது. இதற்கு ஒன்றுமில்லை.

"நேத்து மூணு பேர் நரின்னு சொல்லிட்டுப் போனாங்க" என்றாள் பிரின்ஸி. குரலைத் தாழ்த்தத் தேவையே இல்லை, இருந்தாலும் தாழ்த்திக்கொண்டாள். "மூணையும் பச்சைன்னு வீட்டுக்கு அனுப்பிட்டோம். யார் வீடுன்னு உனக்குத் தெரியுமா?"

ரெஜினா பிள்ளையைத் திரும்ப வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"மூணு இல்ல சிஸ்டர்" என்றாள். "எட்டு."

பின்னால் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. பிரின்ஸி மருந்து அலமாரியைத் திறந்து, மூக்கில் பீய்ச்சும் மருந்தில் இரண்டை எடுத்துக்கொண்டு, "எந்த வீடு முதல்ல?" என்று கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டினாள்.